வெட்டி எடுத்தாச்சு, இனி என்ன?

எங்கள் ஊர்களில் ஒரு வீட்டுக்குப் பெரிய வருத்தம் வந்துவிட்டால் அந்த வீட்டார் தனித்து நிற்பதில்லை. சத்திரசிகிச்சை நாளன்று கோயிலில் மெழுகுதிரி எரியும், அம்மனுக்கு நேர்த்தி வைக்கப்படும், பள்ளிவாசலில் துஆ கேட்கப்படும். நோயாளி வீடு திரும்பினால் வாசல் நிறையச் செருப்புகள் கிடக்கும். பிஸ்கட்டும் பால்மாவும் தோடம்பழமும் மேசையில் குவியும். ஒன்றரை, இரண்டு மாதம் இப்படிப் போகும். பின்பு சனம் மெல்லக் கலைந்துவிடும். தையல் காய்ந்துவிட்டது, ஆள் எழும்பி நடக்கிறார், இனி எல்லாம் சரி என்று ஊரும் வீடும் நினைத்துக்கொள்ளும்.

இரைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்கு உண்மையான பாடு அந்தக் கட்டத்தில்தான் தொடங்குகிறது. சொறிக்கல்முனையிலும் அதனைச் சுற்றியுள்ள நாவிதன்வெளி, சம்மாந்துறை, கல்முனைப் பகுதிகளிலும் வீடு வீடாகப் போய் வரும் சமூகப் பணியாளராக இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். "இனி என்னத்துக்கு மகள் கிளினிக்? அதுதான் வெட்டி எடுத்தாச்சே" என்ற வார்த்தையை எத்தனை வீட்டுத் திண்ணைகளில் கேட்டிருப்பேன்! அந்தக் கேள்விக்கு ஆறுதலாகப் பதில் சொல்லவே இந்தக் கட்டுரை.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். டல்கொட் பார்சன்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1951இல் 'நோயாளி வகிபாகம்' என்ற கருத்தை விளக்கினார். நோய்வாய்ப்பட்டவருக்குச் சமூகம் ஒரு சலுகை தருகிறது. அவர் வேலைக்குப் போகத் தேவையில்லை, சமைக்கத் தேவையில்லை. அதற்குப் பதிலாக அவர் வைத்தியர் சொற்கேட்டுச் சீக்கிரம் சுகமாக வேண்டும் என்று அதே சமூகம் எதிர்பார்க்கிறது. பரீட்சைக்காகப் பாடமாக்கிய இந்த விடயம் களத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. இரைப்பையை இழந்தவர் பழையபடி சுகமானவரும் அல்ல, படுக்கையில் கிடக்கும் நோயாளியும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அவருக்கு ஊரில் ஒரு பெயரில்லை. பெயரில்லாத நிலைக்குக் கவனிப்பும் குறைவு.

இரைப்பை இல்லாமல் வாழ முடியுமா?

முடியும். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். 1881 ஜனவரியில் வியன்னா நகரில் தியோடர் பில்ரோத் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் புற்றுநோய் வந்த இரைப்பையின் ஒரு பகுதியை முதன்முதலாக வெற்றிகரமாக அகற்றினார். நோயாளி 43 வயதுப் பெண். சத்திரசிகிச்சையில் அவர் பிழைத்தார், ஆனால் நோய் திரும்பியதால் ஏறக்குறைய நான்கு மாதங்களில் இறந்துபோனார். 1897இல் சூரிச் நகரில் கார்ல் ஷ்லாட்டர் இரைப்பை முழுவதையும் அகற்றினார். அந்த நோயாளியும் ஒரு பெண்தான். அவர் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தார். இன்று நோய் ஆரம்பத்திலேயே பிடிபட்டுச் சிகிச்சை பெற்றவர்கள் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள்.

முழு இரைப்பையையும் எடுத்தால் உணவுக்குழாயை நேரே சிறுகுடலுடன் பொருத்திவிடுவார்கள். பாதியோ முக்காலோ எடுத்தால் மிஞ்சிய பகுதியுடன் குடலைப் பொருத்துவார்கள். இரைப்பை என்பது நமது உடம்பின் களஞ்சியம். வாங்கி வைத்து, கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு அனுப்புவது அதன் வேலை. அந்தக் களஞ்சியம் போய்விட்டால் மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிடும் பழக்கமும் போய்விட வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டுத் தடவை, சின்னக் கோப்பையில், நன்றாக மென்று சாப்பிட வேண்டும். சோற்றோடு சேர்த்துத் தண்ணீர் குடிக்காமல் அரை மணித்தியாலம் முன்போ பின்போ குடிக்க வேண்டும். மீன், முட்டை, பருப்பு, பயறு, சீனி சேர்க்காத தயிர் போன்றவை ஒவ்வொரு சிறு சாப்பாட்டிலும் ஏதாவது ஒரு வடிவில் இருக்க வேண்டும்.

முழு இரைப்பையும் எடுக்கப்பட்டவர்கள் முதல் வருடத்தில் தம் நிறையில் 10 முதல் 20 வீதம் வரை இழப்பது வழக்கம். 50 கிலோ இருந்த பெண் 40 கிலோவுக்கு இறங்கலாம். பின்பு அது ஓரிடத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் ஏதோ பிழை. அதை வீட்டுக் கண்ணாடி சொல்லாது, கிளினிக் தராசுதான் சொல்லும்.

எல்லோருக்கும் பிறகு சாப்பிடும் தாய்

சொறிக்கல்முனையில் நான் போய் வரும் ஒரு வீட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தாய் இருக்கிறார். முழு இரைப்பையும் எடுக்கப்பட்டவர். முதல் வருடம் ஒழுங்காகக் கிளினிக் போனார். பின்பு மகளுக்குக் கலியாணப் பேச்சு வந்தது. "வீட்டில குமர் இருக்கு, கேன்சர் கிளினிக்கில என்னைக் கண்டா என்ன கதைப்பாங்க?" என்று போவதை நிறுத்திவிட்டார். மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடியதும் ஒரு சாட்டாகப் போயிற்று. வருத்தம் தொற்றாது, அதில் வெட்கப்பட எதுவுமில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் ஊர் வாய்க்கு அது தெரிய வேண்டுமே!

நான் அவரை மீண்டும் சந்தித்தபோது மூன்றாம் வருடம் நடந்துகொண்டிருந்தது. நாக்கு எரிகிறது, நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது, கால் இரண்டும் விறைத்து, "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு மகள்" என்றார். சாமான் வைத்த இடமும் மறந்துபோகிறதாம். வாதம் என்று நினைத்து வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எப்போது சாப்பிடுகிறார் என்று கேட்டேன். "அவரும் புள்ளைகளும் திண்ட பிறகு, மிச்சம் இருந்தா" என்றார். பகல் இரண்டரை மணிக்கு முதற் சாப்பாடு. ஆறு தடவை சாப்பிட வேண்டிய உடம்பு அது.

இரத்தப் பரிசோதனையில் காரணம் தெரிந்தது. விற்றமின் பி12 மிகக் குறைந்துவிட்டிருந்தது. நமது குடல் இந்த விற்றமினை உறிஞ்சுவதற்கு இரைப்பை சுரக்கும் ஒரு பொருள் துணைநிற்க வேண்டும். இரைப்பை இல்லையென்றால் அந்தத் துணை இல்லை. எவ்வளவு மீனும் ஈரலும் சாப்பிட்டாலும் பி12 போதிய அளவு உடம்பில் சேராது. ஈரலில் ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பது சில வருடங்கள் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் முதல் வருடம் ஒன்றும் தெரியாது, எல்லோரும் கவனத்தை விட்ட பிறகு இரண்டாம் மூன்றாம் வருடத்தில் அது வெளியே வருகிறது. கவனிக்காமல் விட்டால் நரம்புகள் நிரந்தரமாகப் பழுதடையலாம்.

இதற்கு மருந்து மிக எளியது. குறித்த கால இடைவெளியில் ஓர் ஊசி, அல்லது வைத்தியர் சொன்னால் கூடிய அளவிலான மாத்திரை. வாழ்நாள் முழுவதும். இந்த விற்றமினின் அமைப்பை எக்ஸ்-கதிர் கொண்டு கண்டறிந்தவர் டொரத்தி ஹொட்ஜ்கின் என்ற ஆங்கிலேயப் பெண் விஞ்ஞானி என்பதை நமது மாணவிகள் அறிய வேண்டும். 1964ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அந்தத் தாய்க்கு ஊசி தொடங்கிச் சில கிழமைகளில் களைப்பு குறைந்தது, முகம் தெளிந்தது. காலின் விறைப்பு மட்டும் முழுதாகப் போகவில்லை. இரண்டு வருடம் முன்பே கிளினிக்கில் பிடிபட்டிருந்தால் அதுவும் இருந்திருக்காது. இப்போது அவருடைய மகள் காலை ஏழு மணிக்கே ஒரு முட்டையும் அரை இடியப்பமும் முன்னால் வைத்துவிட்டு, உண்டு முடியும் வரை அசையாமல் பக்கத்தில் இருக்கிறாள். "நான் முதல்ல திண்டா அவருக்கு என்ன நினைப்பு வருமோ" என்று அந்தத் தாய் கூச்சப்பட்டார். கணவர்தான் சொன்னார்: "நீ திண்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும்."

பி12 மட்டுமல்ல. இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் டி ஆகியவையும் இவர்களுக்குக் குறையக்கூடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஏற்கெனவே எலும்பு தேயும். அதோடு இதுவும் சேர்ந்தால் வழுக்கி விழுந்ததும் எலும்பு முறியும். ஆகவே இவற்றையும் பரிசோதித்துத் தேவையான மாத்திரைகளைக் கொடுப்பது தொடர் கவனிப்பின் பகுதி.

நோன்பு திறந்ததும் வந்த நடுக்கம்

சம்மாந்துறையில் ஒரு லாத்தாவின் கணவருக்கு இரைப்பையின் பெரும்பகுதி எடுக்கப்பட்டிருந்தது. நோன்பு திறக்கும் வேளையில் பேரீத்தம்பழமும் சீனி கூடிய சர்பத்தும் எடுத்தார். இருபது நிமிடத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, வியர்த்துக் கொட்டி, வயிறு பிசைந்து, வயிற்றாலேயும் போனது. மாரடைப்பு என்று வீடே அழுதது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இதயத்தில் ஒரு குறையுமில்லை.

இனிப்பும் நீரும் களஞ்சியத்தில் தங்காமல் ஒரேயடியாகக் குடலுக்குள் கொட்டுப்படுவதால் வருவது இது. சாப்பிட்டு 10 முதல் 30 நிமிடத்துக்குள் வரும். இன்னொரு வகை ஒன்றிலிருந்து மூன்று மணித்தியாலம் கழித்து வரும். இரத்தத்தில் சீனி திடீரென ஏறியதால் உடம்பு இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து, பின்பு சீனி தேவைக்கு மேல் இறங்கிவிடும். கை நடுங்கும், கண் இருளும், சிலர் மயங்கியும் விழுவார்கள். சைக்கிளில் போகும்போதோ அடுப்பங்கரையிலோ இது வந்தால் ஆபத்து. சீனி போட்ட பிளேன்டீ, சோடா, தொதல், வட்டிலப்பம் ஆகியவற்றைக் குறைத்து, சிறிது சிறிதாகச் சாப்பிட்டு, சாப்பிட்டதும் சற்றுச் சாய்ந்திருந்தால் பெரும்பாலும் இது கட்டுப்படும். கட்டுப்படாவிட்டால் மருந்தும் உண்டு. அந்த வீட்டாருக்கு இதையெல்லாம் அடுத்த கிளினிக்கில் ஒரு தாதி பத்து நிமிடத்தில் விளக்கிவிட்டார். அந்தப் பத்து நிமிடம் கிடைக்காததால் அவர்கள் பட்ட பயம் எவ்வளவு!

நீண்ட நேரம் வெறும் வயிற்றோடிருந்து பின்பு ஒரேயடியாக உண்பது இந்த நோயாளிகளுக்குக் கடினம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தருகிறது. லாத்தாவே மௌலவியிடம் கேட்டு, நோன்புக்குப் பகரமாக ஏழைக்கு உணவளிக்கும் வழியைத் தெரிந்துகொண்டார். தபசு காலத்தில் ஒருசந்தி இருக்கும் எங்கள் ஊர்க் கத்தோலிக்கத் தாய்மாருக்கும் இதையே சொல்வேன். வைத்தியரிடமும் பங்குத் தந்தையிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அடையாறு கற்றுத்தந்த பாடம்

சிகிச்சை முடிந்ததும் நோயாளி வீட்டோடு நின்றுவிடுவது நமது ஊருக்கு மட்டும் உரிய குறை அல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மனதில் வைத்து, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு 1954இல் சென்னை அடையாறில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். அப்போது அங்கே இருந்தவை 12 கட்டில்கள். மறு வருடம் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021இல் காலமாகும் வரை அந்த நிலையத்துக்கே வாழ்ந்தார். 1981இல் அங்கே சென்னை மாநகரப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கப்பட்டது. இந்திய நகரங்களுள் இரைப்பைப் புற்றுநோய் அதிகம் காணப்படும் இடங்களில் சென்னையும் ஒன்று என்பது அதன் மூலம் வெளியானது. சிகிச்சை பெற்றுப் போனவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று அறிய, வராதவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள், வீடு தேடியும் போனார்கள். திரும்பி வராதவரைத் தேடிப் போவதும் வைத்தியத்தின் ஒரு பகுதி என்பதை எனது தொழிலில் இருப்போருக்கு அந்தப் பெண்கள் காட்டித்தந்தார்கள்.

எத்தனை தடவை போக வேண்டும்?

பொதுவாக முதல் இரண்டு வருடங்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அதன்பின் ஐந்தாம் வருடம் வரை ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு தடவை, பிறகு வருடத்துக்கு ஒரு தடவை போவது வழக்கம். நோய் திரும்புவதாயின் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வருடங்களுக்குள் திரும்பும் என்பதால் ஆரம்பத்தில் அடிக்கடி அழைப்பார்கள். உங்கள் நாளை உங்கள் வைத்தியரே தீர்மானிப்பார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குறிகுணம் ஒன்றும் இல்லாதவரை அடிக்கடி ஸ்கேன் செய்துகொண்டே இருந்தால் ஆயுள் கூடும் என்று ஆய்வுகள் உறுதியாக நிரூபிக்கவில்லை. ஆகவே "போன தடவை ஸ்கேன் எடுக்கவில்லை, சும்மா நிறை பார்த்துக் கதை கேட்டு அனுப்பினார்கள்" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அந்த நிறையும் அந்தக் கதையும்தான் கிளினிக்கின் உயிர். பொருத்திய இடம் சுருங்கி உணவு சிக்குகிறதா, பித்தம் மேலே வந்து எரிகிறதா, இரத்தம் குறைந்திருக்கிறதா, மனம் சோர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் பிடிபடும். இவை பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. இரைப்பையின் ஒரு பகுதி மிஞ்சியிருப்பவர்களுக்கு அந்தப் பகுதியில் புதிதாகப் புற்றுநோய் வரலாம் என்பதால் வைத்தியர் கமரா விட்டுப் பார்க்கச் சொல்வார். அதைத் தவறவிடக்கூடாது.

கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக்கூடாத அறிகுறிகளும் உண்டு. விழுங்குவது நாளுக்கு நாள் கடினமாதல், ஓயாத வாந்தி, தார் போலக் கறுத்த மலம், கண் மஞ்சளாதல், வயிறு வீங்குதல், குறையாத நோவு, காரணமின்றி நிறை இறங்கிக்கொண்டே போதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். அவசரமென்றால் 1990 இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

குடும்பத்துக்கும் ஒரு பங்கு

இரைப்பைப் புற்றுநோய்க்கு முக்கிய காரணி ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பக்டீரியா. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பாரி மார்ஷலும் ரொபின் வாரனும் 1982இல் இதனை இரைப்பையில் கண்டறிந்தார்கள். 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. புற்றுநோய் தொற்றாது, ஆனால் இந்தக் கிருமி சிறு வயதிலேயே குடும்பத்துக்குள் பரவக்கூடியது. இது தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. ஆனாலும் தாய் தகப்பனுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து சற்றுக் கூட. தென்கொரியாவில் இப்படிப்பட்ட குடும்பத்தவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. கிருமியை ஒழிக்கும் மருந்து பெற்ற 832 பேரில் 10 பேருக்கும், பெறாத 844 பேரில் 23 பேருக்கும் பின்னாளில் இரைப்பைப் புற்றுநோய் வந்தது. ஆகவே நோயாளியோடு கிளினிக் போகும் பிள்ளைகள், "நாங்களும் பரிசோதிக்க வேண்டுமா டொக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது. கரையோரத்தில் வாழும் நாம் உப்புக் கருவாட்டைக் குறைப்பதும், வீட்டு ஆண்கள் சிகரட்டை விடுவதும் எல்லோருக்கும் நன்மை.

நாம் செய்யக்கூடியவை

கிளினிக் கொப்பியையும், சத்திரசிகிச்சை செய்த வைத்தியசாலை தந்த துண்டுகளையும் ஒரு பொலித்தீன் உறையில் போட்டு, வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். முழு இரைப்பையா, ஒரு பகுதியா எடுக்கப்பட்டது என்பதைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதுவியுங்கள். மாதம் ஒரு தடவை நிறை பார்த்துத் திகதியோடு குறியுங்கள். பி12 ஊசியின் அடுத்த நாளைக் கலண்டரில் வட்டமிடுங்கள். கேட்க வேண்டிய கேள்விகளை முதல்நாளே எழுதிக்கொண்டு போங்கள், வைத்தியர் முன்னால் இருந்தால் பாதி மறந்துவிடும்.

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். மகரகமவுக்கு 300 கிலோமீற்றருக்கும் மேல். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்றாலும், பஸ் காசும் ஒரு நாள் கூலியும் ஏழை வீட்டுக்குச் சின்னக் காரியமல்ல. பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவில் உதவிக்கு விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். எந்தப் பரிசோதனையை, எந்த ஊசியைப் பக்கத்து வைத்தியசாலையிலேயே செய்துகொள்ளலாம் என்று கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்குங்கள். வர முடியாத நாளில் வீட்டோடு நின்றுவிடாமல் அடுத்த நாளைக் கேட்டுப் பெறுங்கள்.

சகோதரிகளே, இந்தக் கவனிப்பின் பாரம் முழுவதும் ஏதோ ஒரு பெண்ணின் தலையில்தான் இருக்கிறது. எட்டுத் தடவை சாப்பாடு கொடுப்பவள் ஒரு மருமகள். கொப்பியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பவள் ஒரு மகள். அவளுக்கும் களைக்கும். உங்கள் ஒழுங்கையில் இப்படி ஒரு வீடு இருந்தால், சத்திரசிகிச்சை முடிந்த முதல் கிழமை போனதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு வருடம் கழித்தும் போங்கள். பால்மாப் பெட்டி தேவையில்லை. "அடுத்த கிளினிக் எப்ப? நான் கூட வரட்டா?" என்று கேளுங்கள். நோயாளியே வீட்டுத் தாயாக இருந்தால், அவர் இன்றைக்குச் சாப்பிட்டாரா என்று முதலில் கேளுங்கள்.